ரிக்கோடு விமானம் ஏறும்போது

ஸ்கைடைவிங் செய்பவர் தன் ரிக்கை, அதாவது ஹார்னஸ் என்னும் பட்டைகளோடு முதுகில் மாட்டும் பாராசூட்டை, விமானத்தில் எடுத்துப்போக முடியுமா? முடியும். கேபினிலும் வைக்கலாம், செக்-இன்னிலும் போடலாம். அமெரிக்க விமான நிலையங்களில் சோதனை நடத்தும் டி.எஸ்.ஏ. இதை எழுத்திலேயே சொல்லியிருக்கிறது, ஏ.ஏ.டி. (குதிப்பவர் இழுக்கத் தவறினால் இரண்டாவது பாராசூட்டைத் தானாகத் திறக்கும் கருவி) பொருத்திய ரிக்குக்கும் அது பொருந்தும். ஆனால் எந்த நாடானாலும் கடைசி வார்த்தை ஸ்கேனர் பக்கத்தில் நிற்கும் அதிகாரியுடையது.

ரிக்கில் இரண்டு பாராசூட் உண்டு: வழக்கமாகத் திறக்கும் மெயின், அது கைவிட்டால் உயிர் காக்கும் ரிசர்வ். தலைவலி எல்லாம் ரிசர்வால்தான். மெயினை யாராவது பிரித்துவிட்டால் சுத்தமான தரை கிடைத்தால் போதும், கால் மணி நேரத்தில் நீங்களே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வ் ஹேண்டிலை ஒருவர் "இது என்ன?" என்று இழுத்துவிட்டால் கதை வேறு. சீல் அறுந்துவிடும். உள்ளே அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் பைலட் ஷூட் (பெரிய துணியை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) துள்ளி எழுந்து, குனிந்து பார்ப்பவர் முகத்தில் அடித்தாலும் அடிக்கும். ரிக்கர், அதாவது பாராசூட் மடிக்க உரிமம் பெற்ற ஒருவர், மறுபடி மடித்து சீல் வைக்கும்வரை அந்த ரிக்கை மாட்டிக்கொண்டு குதிக்க முடியாது. ஆகவே கேபினா செக்-இன்னா, எத்தனை மணிக்குக் கிளம்புவது, கூட என்ன வைப்பது என்று எதை முடிவு செய்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் என் ரிசர்வை யாராவது தொடுவார்களா?

திரையில் தெரிவது

உங்கள் ரிக் எக்ஸ்ரே திரையில் எப்படித் தெரியும் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். இறுக்கி மடித்த நைலான், கரிமப் பொருள் என்பதால், ஆரஞ்சு நிறத்தில் கட்டியாகத் தெரியும். வெடிமருந்தும் திரையில் ஏறக்குறைய அதே நிறம்தான். அந்தக் கட்டிக்கு நடுவே ஒரு சுருள் ஸ்பிரிங். பக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் மின்னணுப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர்: ஒன்று சின்ன டிஸ்ப்ளேவுக்குப் போகிறது, இன்னொன்று சுண்டுவிரல் நுனியளவு உலோகக் குழாய் ஒன்றில் முடிகிறது. இதைப் பார்த்துப் பெல்ட்டை நிறுத்தாத அதிகாரிதான் வேலை தெரியாதவர்.

அந்த உலோகக் குழாய்தான் கட்டர். நீங்கள் குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழேயும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ஏ.ஏ.டி. ஆணையிட, கட்டருக்குள் இருக்கும் மிகச் சிறிய மருந்து எரிந்து ஒரு கத்தியைத் தள்ளும்; அது ரிசர்வின் லூப்பை (ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிற்று வளையத்தை) அறுக்கும். சைப்ரஸ், விஜில், மார்ஸ் என்று எந்தக் கருவியானாலும் அடிப்படை இதுதான். தயாரிப்பாளர்கள் இதற்காகவே ஒரு பயண அட்டை தருகிறார்கள். எக்ஸ்ரேயில் ரிக் எப்படித் தெரியும், எந்தப் பகுதி எது என்று படத்தோடு அதில் இருக்கும். ரிக் வாங்கும்போது அட்டை கிடைக்காவிட்டால் அவர்கள் தளத்திலிருந்து இறக்கி வண்ணத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பாதிப் பயன் போய்விடும். செல்போனில் காட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சோதனை நேரத்தில் உங்கள் செல்போன் தட்டில் போய்க்கொண்டிருக்கும்.

கிளம்புவதற்கு முன்

முதலில் ரிசர்வ் தேதி. ரிசர்வ் எப்போது மடிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும் டேட்டா கார்டை எடுத்துப் பார்த்து, போகிற நாளை விட்டுவிட்டு, ஊர் திரும்புகிற நாள்வரை செல்லுமா என்று கணக்குப் போடுங்கள். பத்து நாள் பயணத்தில் ஆறாவது நாள் காலாவதியானால் மிச்ச நாலு நாளும் கீழே நின்று மற்றவர்களைப் படம் பிடிக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் மடிப்புக்கு 180 நாள் ஆயுள். வெளிநாட்டுக்காரர் தன் சொந்த ரிக்கோடு அங்கே போனால் அவர் நாட்டு விதிப்படி மடித்திருந்தால் போதும் என்று அமெரிக்க விமான விதியின் 105.49 பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் ட்ராப் ஜோன்கள் (ஸ்கைடைவிங் நடக்கும் மையங்கள்) இதைவிடக் கடுமையாக வைத்திருக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன்பே மெயில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போதே உரிமம், லாக் புக், ஏ.ஏ.டி. கட்டாயமா, கடைசியாகக் குதித்து எத்தனை நாளுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். விமான நிறுவனத்துக்கு ஒரு மெயில் தனி: "விளையாட்டுப் பாராசூட் ஒன்றைக் கேபினில் கொண்டுவருகிறேன், எடை இவ்வளவு, அளவு இவ்வளவு." சம்மதம் என்று வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டால், கவுன்ட்டரில் "பாராசூட்டா, அது ஆபத்தான பொருள் ஆச்சே" என்று ஆரம்பிப்பவரிடம் நீட்டலாம்.

அடுத்து ஏ.ஏ.டி.யை அணைப்பது. அணைத்த பிறகு டிஸ்ப்ளே வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பயணிகள் விமானத்தில் அது வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. சைப்ரஸின் எக்ஸ்பர்ட் வகை வேலை செய்ய நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழ வேண்டும். விமானம் இறங்கும்போது கேபின் அழுத்தம் மாறுவது நொடிக்கு இரண்டு மீட்டர் இறங்குவதற்குச் சமம். அணைப்பதற்குக் காரணம் வேறு. சைப்ரஸ் எந்த இடத்தில் ஆன் செய்யப்படுகிறதோ அந்தத் தரையைத்தான் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் போட்டு எடுத்துப்போனால் ட்ராப் ஜோனில் அது தவறான தரையை வைத்துக்கொண்டு கணக்குப் போடும். தவிர, ஸ்கேனர் முன்னால் டிஸ்ப்ளேவில் எண் ஒளிர்ந்துகொண்டிருப்பது யாருக்கும் நல்லதில்லை.

ஏ.ஏ.டி.யைக் கழற்றித் தனியாக எடுத்துப்போகலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். அதைத் திரும்பப் பொருத்த ரிசர்வைத் திறந்தாக வேண்டும், அது ரிக்கர் வேலை. தனியாக எடுத்தால் வயரும் குழாயுமாக அது பாராசூட் மாதிரியே தெரியாது, இன்னும் சந்தேகம்தான்.

7 கிலோ என்ற சுவர்

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் கேபின் பை எடையை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. இந்தியாவிலும் ஆசியாவின் பெரும்பாலான விமானங்களிலும் எகானமி வகுப்புக்கு 7 கிலோ. இந்திய நிறுவனங்களில் வழக்கமான அளவு 55 x 35 x 25 செ.மீ. விளையாட்டு ரிக் ஒன்று, துணியின் அளவையும் ஹார்னஸையும் பொறுத்து, 8 முதல் 12 கிலோ. பயிற்சி ரிக் இன்னும் கூட. இருவர் சேர்ந்து குதிக்கும் டேண்டம் ரிக்கைக் கேபினில் வைக்கும் யோசனையே வேண்டாம்.

அதிக எடைக்குக் காசு கட்டி அனுமதி வாங்க முடிந்தால் அதுதான் நிம்மதி. முடியாவிட்டால் ஒரு வழி உண்டு: மெயினைக் கழற்றி செக்-இன்னில் போட்டு, ஹார்னஸ், ரிசர்வ், ஏ.ஏ.டி. மூன்றையும் மட்டும் தோளில் எடுத்துப்போவது. 170 சதுர அடி மெயின், ரைசர் (பாராசூட் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை), டெப்ளாய்மென்ட் பேக் (மடித்த துணியை வைக்கும் உறை), பைலட் ஷூட் எல்லாம் சேர்ந்து 3 முதல் 4 கிலோ. அதை எடுத்துவிட்டால் பல ரிக்குகள் 7 கிலோவுக்குள் வந்துவிடும். மெயின் தொலைந்தால் அதே அளவில் ஒன்றை இரவல் வாங்கலாம், ஏ.ஏ.டி.யோடு மடித்த ரிசர்வை இரவல் கொடுப்பவர் அரிது.

கழற்றும் வரிசை முக்கியம். இரண்டு ரைசரையும் முன்னும் பின்னும் செல்போனில் படமெடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முதல் வேலை ஆர்.எஸ்.எல். (மெயின் பிரிந்ததும் ரிசர்வைத் திறந்துவிடும் பட்டை) ஷேக்கிளைக் கழற்றுவது. இதை மறந்து ரைசரை விடுவித்து இழுத்தால், ஆர்.எஸ்.எல். தன் வேலையைச் சரியாகச் செய்யும்: ரிசர்வ் பின்னை உருவிவிடும், உங்கள் வீட்டுக் கூடத்தில் ரிசர்வ் திறந்து கிடக்கும். இந்த வேலையில் நடக்கும் பெரிய விபத்து இது ஒன்றுதான். அதன் பிறகு, மெயினைக் கழற்றிவிடும் கட்அவே ஹேண்டிலை உரித்து, மஞ்சள் கேபிளை லூப்பிலிருந்து வெளியே இழுத்தால், ரைசரை ஹார்னஸோடு பிடித்திருக்கும் மூன்று வளையங்களும் தாமாக அவிழும். பிரேக்கை அவிழ்க்க வேண்டாம், துணியைப் பேக்கிலிருந்து எடுக்கவும் வேண்டாம். ரைசர் இரண்டையும் முறுக்காமல் சேர்த்து ஒரு ரப்பர் போட்டு, எல்லாவற்றையும் பழைய தலையணை உறைக்குள் விட்டு, துணிமணிகளுக்கு நடுவே வையுங்கள். மஞ்சள் கேபிளையும் ஹேண்டிலையும் பழையபடி கூட்டுக்குள் செருகிவிட்டால் வழியில் எங்கும் மாட்டாது.

போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்ப மாட்டியதும் அங்கே இருக்கும் ரிக்கரை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்ப்பது இதைத்தான்: ஒவ்வொரு வளையமும் தனக்கு அடுத்த வளையத்துக்குள் மட்டும் போயிருக்கிறதா, வெள்ளை லூப் கடைசிச் சின்ன வளையத்தை மட்டும் பிடித்து ரைசர் ஓட்டை வழியாக வந்திருக்கிறதா, மஞ்சள் கேபிள் அந்த லூப்புக்குள் போய் மிச்சம் தன் உறையில் இருக்கிறதா, ரைசர் இடம் வலம் மாறாமல் முறுக்கில்லாமல் இருக்கிறதா, ஆர்.எஸ்.எல். மறுபடி மாட்டப்பட்டதா. கடைசியில் சொன்னதைத்தான் ஆட்கள் அடிக்கடி மறக்கிறார்கள். மூன்று வளையத்தைச் சொந்தமாக மாட்டிப் பழகாதவர் இந்த வழியைத் தொடவே வேண்டாம். காசு கட்டுவது மேல்.

எது எந்தப் பையில்

ஹூக் கத்தி (சிக்கிய கயிற்றை அறுக்கும் கொக்கிக் கத்தி) செக்-இன்னில். இதை நூறு தடவை சொன்னாலும் தகும், ஏனென்றால் அது ஹார்னஸிலேயே ஒரு சின்ன உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணில் படாது. கத்தி அகப்பட்டால் அதோடு நிற்காது; அதுவரை சிரித்துப் பேசிய அதிகாரி ரிக் முழுவதையும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பிப்பார். ஸ்கைடைவிங் பேன்ட்டில் கத்திப் பை இருந்தால் அதையும் துழாவுங்கள். ரிக்கை மூடிப் பின்னைச் செருக உதவும் உலோகக் கருவிகளும் செக்-இன்னுக்கே. லூப்பை இழுத்து மூடும் நாடாவான புல்-அப் கார்டை மட்டும் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள், மெயினைத் திறந்து காட்ட நேர்ந்தால் மூடுவதற்கு அது வேண்டும்.

கேமரா, அதன் உதிரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கேபினில் மட்டும். லித்தியம் உதிரி பேட்டரியைச் செக்-இன்னில் போடக் கூடாது. கேபினில் 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. கோப்ரோ பேட்டரி அதற்கு வெகு கீழேதான், ஆனாலும் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போடுங்கள். ஆல்டிமீட்டரையும் (உயரமானி) ஆடிபிளையும் (குறித்த உயரத்தில் காதருகே ஒலி எழுப்பும் கருவி) கேபினில் வைப்பது நல்லது; டிஜிட்டல் என்றால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குதிக்காத ஒரு குதியை அது பதிந்து வைத்தாலும் வைக்கும். முள் வைத்த ஆல்டிமீட்டர் நடுவானில் ஆறாயிரம், ஏழாயிரம் அடி என்று காட்டினால் மிரளாதீர்கள். அது விமானத்தின் உயரமல்ல, கேபின் அழுத்தத்தின் உயரம்.

வேகமாக விழக் கட்டிக்கொள்ளும் ஈய எடை பெல்ட் எக்ஸ்ரேயில் கன்னங்கரேலென்று தெரியும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ரிக் பையில் வைக்கவே கூடாது. முடிந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு அங்கே இரவல் வாங்குங்கள். ஈயத்தை விமானத்தில் ஏற்றிக் காசு கட்டுவது வீண்.

நீருக்கு மேல் குதிப்பவர்களின் காற்றடைக்கும் மிதவை உடையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். உடையில் பொருத்திய இரண்டு, உதிரியாக இரண்டு என்பது சர்வதேச வழக்கம்; ஆனால் விமான நிறுவனத்தின் முன் சம்மதம் வேண்டும். புகைக் குப்பிகளுக்கு எந்தப் பையிலும் இடமில்லை. காட்சிக் குதிக்குப் போகிறவர்கள் அதைப் போகிற ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முன்பு புகைக் குப்பி மாட்டிய பிராக்கெட்டையும் கூட எடுத்துப்போகாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் கரியே சோதனையில் மணி அடிக்க வைக்கும்.

ஸ்கேனர் முன்னால்

வழக்கமான நேரத்தைவிட அரை மணி முன்னதாக வாருங்கள் என்பது டி.எஸ்.ஏ.யின் அறிவுரை. கூட்ட நேரம் என்றால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரிக்கை முதுகில் மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குள் நடக்காதீர்கள். மற்ற பயணிகளுக்கு வேடிக்கை, உங்களுக்கு வினை. ஹேண்டில்கள் உள்பக்கம் இருக்கும்படி லெக் ஸ்ட்ராப்பை மடித்து, தனிப் பையில், வேறெதுவும் கலக்காமல் வையுங்கள். சட்டை, சார்ஜர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் அதே பையில் இருந்தால் எல்லாவற்றையும் கலைக்கத்தான் செய்வார்கள்.

பெல்ட்டில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பேச்சு இப்படி இருந்தால் போதும்:

"சார், இந்தப் பையில் பாராசூட் இருக்கு. விளையாட்டுக்கானது. இதோ அதோட எக்ஸ்ரே அட்டை."

"உள்ளே வயர் தெரியுதே, அது என்ன?"

"அது பாதுகாப்புக் கருவி சார். நான் இழுக்க மறந்தா அது ரெண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும். இப்போ அணைச்சிருக்கேன்."

"திறந்து காட்டுங்க."

"இந்தப் பக்கம் தாராளமா காட்டறேன் சார். மேல இருக்கறது உயிர் காக்கற பாராசூட், சீல் வெச்சது. அதோட ஹேண்டிலை மட்டும் யாரும் தொடக் கூடாது, ஸ்பிரிங் முகத்துல அடிக்கும்."

இதற்கு மேல் தானாக விளக்கம் கொடுக்க வேண்டாம். கட்டர் எப்படி வேலை செய்கிறது என்று நேராகக் கேட்டால் மறைக்காமல் சொல்லி, தயாரிப்பாளரின் காகிதத்தைக் காட்டுங்கள். மழுப்பினால் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். "குண்டெல்லாம் இல்லை சார்" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வது தமிழில் ஆனாலும் இந்தியில் ஆனாலும் ஆங்கிலத்தில் ஆனாலும் படு முட்டாள்தனம். இந்திய விமான நிலையங்களில் பெரும்பாலும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் இருப்பார்கள், பலருக்குத் தமிழ் தெரியாது. அட்டையின் இந்தி விளக்கத்தை நாலு வரியில் தனியே எழுதி வைத்துக்கொண்டால் பேச்சு பாதியாகும்.

பெரும்பாலும் ஒரு துணித் துண்டால் பையின் வெளிப்புறத்தைத் துடைத்து இயந்திரத்தில் வைப்பார்கள். உரம் போட்ட வயலில் இறங்கிவிட்டு அப்படியே மடித்துக் கொண்டுவந்த ரிக்கானால், உரத்தின் நைட்ரேட் அங்கே மணி அடிக்க வைக்கலாம். கையில் தடவிய கிளிசரின் கிரீமும் அப்படித்தான். ஹார்னஸை ஈரத் துணியால் துடைத்து, ஜம்ப்சூட்டைத் துவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரிசர்வையும் திறந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் குரலை உயர்த்தாமல் மேலதிகாரியைக் கேளுங்கள். அவரும் அதையே சொன்னால் தேர்வு உங்களுடையது: திறக்க விட்டுவிட்டு அங்கே ரிக்கரைத் தேடுவதா, செக்-இன்னுக்குத் திரும்பிப் போவதா. திறப்பதென்றால் உங்கள் கையால் திறவுங்கள், ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக விடுங்கள்.

செக்-இன்தான் வழி என்றால்

பையின் உள்ளே மேலாக, திறந்ததும் கண்ணில் படும்படி, எக்ஸ்ரே அட்டையையும் உங்கள் செல்போன் எண்ணையும் வைத்து, "திறப்பதற்கு முன் உரிமையாளரை அழையுங்கள்" என்று பெரிதாக எழுதுங்கள். டி.எஸ்.ஏ. ரிக்கைத் திறக்க நேர்ந்தால் உரிமையாளர் அங்கே இருக்க வேண்டும். கூப்பிட்டு நீங்கள் வராவிட்டால் பை விமானத்தில் ஏறாமலே போகலாம். அதனால் பையைக் கொடுத்த கையோடு உள்ளே ஓடிவிடாமல், சோதனை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஹேண்டில்கள் உராயாமல் இருக்க ரிக்கைச் சுற்றி ஜம்ப்சூட்டைக் கட்டிவிடலாம். ஷாம்பூ, கொசு மருந்து, எண்ணெய் எதுவும் கூட வேண்டாம். கசிந்தால் துணியைப் பற்றி ரிக்கர் சொல்லும் வரை நிம்மதி இருக்காது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சர்வதேசப் பயணத்தில் தொலையும் பைக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல், 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான். ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். புது ரிக் முழுதாக வாங்க அதைப்போல மூன்று நாலு மடங்கு ஆகும். பையைக் கொடுக்கும்போதே அதன் மதிப்பை எழுத்தில் அறிவித்து, அதற்குரிய கட்டணம் கட்டினால் அந்த வரம்பு உயரும். இல்லாவிட்டால் தனிக் காப்பீடு. சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் பை கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்குத் துணையாக ஏ.ஏ.டி., ரிசர்வ், மெயின், ஹார்னஸ் நான்கின் வரிசை எண்களையும் படமெடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

அந்தப் படங்கள் சுங்கத்திலும் உதவும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியது இல்லை" என்று வாதாட வேண்டியதில்லை. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு அதே வேலையைச் செய்வது 4457 படிவம்.

போய் இறங்கிய பிறகு

வாடகைக் காரின் டிக்கியில் ரிக்கை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சைப்ரஸ் 63 டிகிரி வரைதான் வேலை செய்யும்படி செய்யப்பட்டது. துபாய் வெயிலில் மூடிய கார் அதை எட்டிப் பிடித்துவிடும்.

ட்ராப் ஜோனில் மேசையில் வைத்து, வழக்கமான சோதனைக்கு முன் பயணத்துக்கான சோதனையைச் செய்யுங்கள். ரிசர்வ் மூடியைத் தூக்கி சீல் நூல் அறுபடாமல் இருக்கிறதா, பின் வளையாமல் முழுதாக உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில்கள் வெல்க்ரோவில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். செக்-இன்னில் போட்ட ரிக்கானால் மெயினை ஒரு தடவை பிரித்து மடிப்பது நல்லது. உள்ளே யாருடைய கை போனது என்று உங்களுக்குத் தெரியாது. பிறகு ஏ.ஏ.டி.யைப் போடுங்கள். சைப்ரஸ் 2 என்றால் 10லிருந்து எண்ணிக்கொண்டு வந்து 0வில் நிற்க வேண்டும். நடுவில் வேறு எண்ணில் நின்றுவிட்டால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ரிக்கரிடம் போங்கள், விமானத்தில் ஏறாதீர்கள். 14 மணி நேரத்தில் அது தானாக அணைந்துவிடும் என்பதால் மறுநாள் காலை மறுபடி போட வேண்டும். வெளியே எங்கோ இறங்கி வண்டியில் திரும்பி வந்தாலும் அணைத்துவிட்டுப் போட வேண்டும்.

திரும்புகிற அன்று கடைசி லோடில் (குதிப்பவர்களை மேலே ஏற்றிப்போகும் கடைசி நடையில்) குதிக்கிற ஆசையை விமான நேரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். நனைந்த துணியை அப்படியே மடித்துப் பையில் போட்டால் எடையும் கூடும், ஊர் வந்து திறக்கும்போது பூஞ்சை வாடையும் அடிக்கும். மெயினைக் காயவைக்க நிழலில் இரண்டு மணி நேரம், புல்லையும் மண்ணையும் உதற அரை மணி நேரம் ஒதுக்கி, ஏ.ஏ.டி.யை அணைத்து, ஹூக் கத்தியை மறுபடி கழற்றி செக்-இன் பையில் போட்ட பிறகு டாக்ஸியைக் கூப்பிடுங்கள்.